தெரியாமல் இருப்பதன் வசதி

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப். பெரிய கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் கம்பெனிக்குப் பாகம் செய்துகொடுக்கிற கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே நான் போனது மென்பொருள் வேலையாக. ஒவ்வொரு பிரஸ்ஸும் மணிக்கு எத்தனை ஸ்ட்ரோக் அடித்தது, எத்தனை நிமிடம் நின்றது, ஏன் நின்றது என்பதைப் பிடித்து சுவரில் மாட்டிய திரையில் காட்டுவது எங்கள் மென்பொருள். மெஷின் நின்றால் திரையில் அதன் கட்டம் சிவப்பாக மினுங்கும். யாராவது காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்வரை மினுங்கிக்கொண்டே இருக்கும். காரணங்களின் பட்டியலை நாங்கள்தான் போட்டுக் கொடுத்திருந்தோம்: டை மாற்றம், மெட்டீரியல் இல்லை, கரண்ட் இல்லை, ஆபரேட்டர் இல்லை, இப்படிப் பன்னிரண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், ஷிஃப்ட் மாறுகிற நேரம். சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. பிரஸ் ஷாப்பில் மனிதக் குரல் எதுவுமே பெரிதாகக் கேட்காது. நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு பையன் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, ஏதோ தொலைத்தவன்போல மெஷினுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். ஒடிசாக்காரன், காண்ட்ராக்ட். இருபது வயது இருக்கலாம். இரண்டு விரல்கள், மேல் கணுவுக்குக் கொஞ்சம் கீழே.

பக்கத்து மெஷினில் இருந்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் கையைச் சுற்றிப் பிடித்தார். சூப்பர்வைசர் போனை எடுத்தார். கேன்டீனில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே ஓடினார். கேட்டுக்கு எதிரே இருந்த கரும்பு ஜூஸ் வண்டியிலிருந்து ஒரு எவர்சில்வர் சொம்பு நிறைய ஐஸ் கொண்டுவந்தார். டையிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளையும் அதில் போட்டார். ஐஸ் உருகிப் பாதி தண்ணீராகியிருந்தது.

"ஐஸ்ல போட்டா ஒட்டிடுவாங்க தம்பி. கவலப்படாத" என்று அந்தப் பையனிடம் தமிழில் சொன்னார். அவனுக்குப் புரிந்திருக்காது. தலையாட்டினான்.

நான் திரையருகே நின்றிருந்தேன். கட்டம் மினுங்கிக்கொண்டிருந்தது. "சார், அத கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்றார் யாரோ. நான் 'ஆபரேட்டர் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த இருபது நிமிடத்தில் நான் செய்த ஒரே காரியம் அது.

*

அன்று இரவு லேப்டாப்பில் ஒரு பிடிஎஃப் தேடி எடுத்தேன். அதற்கு ஆறேழு மாதம் முன்பு, கிளையண்ட் இடங்களுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அரைநாள் முதலுதவி வகுப்பில் உட்கார வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் வந்து எடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து மெயில்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கும்தான். பாடக் குறிப்புகளை மெயிலில் அனுப்பியிருந்தார்கள். அதில் பதினோராம் பக்கத்தில், படத்தோடு, நான்கு வரி இருந்தது.

துண்டான பாகத்தை நேராக ஐஸில் வைக்கக் கூடாது. தண்ணீரில் ஊறவும் விடக் கூடாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும். நேராக ஐஸ் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். நீரில் ஊறினால் ரத்தக் குழாய்களின் நுனி கெட்டுப்போகும். அப்புறம் மைக்ராஸ்கோப் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய டாக்டர் உட்கார்ந்தாலும் தைக்க இடமிருக்காது. ஒரு கைக்குட்டை, ஒரு பிளாஸ்டிக் கவர். அந்த ஷாப்பில் பாகங்களைப் பேக் செய்யும் பிளாஸ்டிக் கவர் கட்டுக்கட்டாகக் கிடந்தது.

சரியாக வைத்துக் கொண்டுபோனால் விரலுக்கு நேரம் நிறையவே உண்டு. விரலில் தசை கிடையாது, வெறும் எலும்பு, தசைநார், தோல், நரம்பு. அதனால் முழங்கைபோல ஆறு மணி நேரத்தில் அழுகத் தொடங்காது. குளிரில் முறையாக வைத்தால் ஒரு நாள்வரைகூடத் தாங்கும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சென்னை நகரத்துக்கு சுமார் 40 கிலோமீட்டர். அந்தச் சென்னையில்தான், ஸ்டான்லி மருத்துவமனையில், டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களின் தொடக்கத்திலேயே கை அறுவைசிகிச்சைக்கென்று ஒரு தனித்துறையைக் கட்டி எழுப்பினார். அரைநூற்றாண்டுத் திறமை 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த 40 கிலோமீட்டரைக் கடக்கத் தேவைப்பட்டது ஒரு பிளாஸ்டிக் கவர்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரல்களை ஒட்டவில்லை, முனைகளை மூடித் தைத்திருந்தார்கள். டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். ஐஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "பிரஸ்ல நசுங்கினது சார். கத்தில வெட்டினமாதிரி இல்ல. கவர்ல போட்டுக் கொண்டுவந்திருந்தாலும் ஒட்டியிருக்காது" என்றார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்து வரும்போது உடம்பே லேசாக இருந்தது. டீ குடித்தேன். ஒட்டியிருக்காது, அப்படியானால் நான் எதையும் கெடுக்கவில்லை. அந்த ஆறுதல் ஒரு வாரம் இருந்தது. அதன்பின் அந்த ஆறுதலே உறுத்த ஆரம்பித்தது. டாக்டர் சொன்னது விரலைப் பற்றி. நான் அதை என்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

*

வில்லியம் கிளிஃபர்டு என்று ஓர் ஆங்கிலேயக் கணிதர். பொறியியல் படித்தவர்கள் சிலருக்கு அவர் பெயரிலுள்ள இயற்கணிதம் தெரிந்திருக்கும். அவர் 1877இல் 'நம்பிக்கையின் அறம்' என்ற பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். அது ஒரு கப்பல் முதலாளியின் கதையோடு தொடங்குகிறது. கப்பல் பழசு, பல தடவை பழுதுபார்த்தது, கடலுக்குத் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம். ஆனால் சோதித்துப் பார்த்தால் செலவு. இத்தனை புயலைத் தாண்டிய கப்பல் இதையும் தாண்டும், கடவுள் இருக்கிறார் என்று மெல்ல மெல்லத் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். உண்மையாகவே நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. பயணிகள் சாகிறார்கள். அவர் நம்பியது உண்மைதான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமையில்லை என்கிறார் கிளிஃபர்டு.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த பத்தி. கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? குற்றம் ஒரு துளிகூடக் குறையாது என்கிறார். அவர் கண்டுபிடிக்கப்படாமல் போயிருப்பார், அவ்வளவுதான்.

முதன்முறை படித்தபோது இது மிகையாகப் பட்டது. விளைவே இல்லாத குற்றத்தை எப்படி எடைபோடுவது? எங்கள் தொழிலில் பக் இருந்தும் வெடிக்காத நிரல் ஆயிரம் உண்டு, அதற்காக யாரும் தூக்கம் கெடுவதில்லை. ஆனால் அந்தச் சொம்பை நினைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. விரல் நசுங்காமல் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தாலும் நான் அதே இடத்தில் அதே மாதிரிதான் நின்றிருப்பேன். பிரஸ்ஸுக்கும் கத்திக்கும் உள்ள வித்தியாசம் என்னால் வந்தது இல்லை.

கேன்டீன் அண்ணன் விஷயம் இதிலிருந்து வேறு. அவர் செய்தது தப்பான முதலுதவி. ஆனால் அந்த அறையில் உடம்பை அசைத்து ஓடிய மூன்று நான்கு பேரில் அவர் ஒருவர். நம் ஊரில் அடிபட்டவனுக்கு உதவ யாரும் வரமாட்டார்கள் என்று பேசுகிறோமே, அது எனக்கு ஒப்புதல் இல்லை. வருகிறார்கள். கூட்டமாகவே வருகிறார்கள். வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். மயங்கி விழுந்தவன் வாயில் சோடா ஊற்றுகிறார்கள். வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் அப்புகிறார்கள், தீக்காயத்துக்கு டூத்பேஸ்ட், மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்கிறார்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறி வாயால் உறிஞ்சும் கதாநாயகர்களைப் பார்த்து வளர்ந்த சமூகம். சாலையில் விழுந்தவனை நாலு பேர் கையும் காலுமாகத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போடும்போது அவர்கள் முகத்தில் இருப்பது கருணைதான். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தக் கருணையே அவனை நிரந்தரமாகப் படுக்கையில் போட்டுவிடலாம்.

இத்தனைக்கும் சரியான முறைகளில் எதுவும் கடினமில்லை. வலிப்பு வந்தால் சுற்றியுள்ள கூரான பொருள்களை நகர்த்தி, தலைக்கடியில் எதையாவது மடித்து வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். வாயிலோ கையிலோ எதுவும் கொடுக்க வேண்டாம். தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்து, நின்றதா என்று நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்காதே. மூக்கில் வந்தால் முன்னால் குனிந்து மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் பிடி. மூச்சும் இல்லாமல் விழுந்துகிடப்பவனுக்கு நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை. அரைநாள் வகுப்பு. நான் மெயில் போட்டுக்கொண்டிருந்த அரைநாள்.

*

பீட்டர் சிங்கரின் குளம் பற்றிப் படித்திருப்பீர்கள். 1972 கட்டுரை. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, நீங்கள் போகிற வழியில் பார்க்கிறீர்கள், இறங்கினால் உடை சேறாகும். இறங்கித்தான் ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியானால் தூரதேசத்தில் பசியால் சாகிற குழந்தைக்கும் அதே கடமை உண்டல்லவா என்று அங்கிருந்து போகிறார் சிங்கர்.

எனக்கு அந்தக் குளத்தை விட்டு நகர முடியவில்லை. குளம் ஆழமில்லாதது என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஆழமாக இருந்து, எனக்கு நீச்சல் தெரியாதென்றால்? கடமை இல்லை. குதித்துச் சாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கத்தலாம், ஆளைக் கூப்பிடலாம். சரி. இப்போது இன்னொரு விவரத்தைச் சேர்த்துப் பாருங்கள். நான் அந்தக் குளத்தின் வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறேன். அதில் வருடாவருடம் யாராவது விழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கரையில் இலவசமாக நீச்சல் சொல்லித்தருகிறார்கள். எனக்கு நேரமில்லை. குழந்தை விழுகிற அன்று, "எனக்கு நீச்சல் தெரியாதே" என்று நான் சொல்வது முழு உண்மை. முழுப் பதிலா?

உடனே வருகிற எதிர்வாதம்: அப்படிப் பார்த்தால் கற்றுக்கொள்ள வேண்டியதற்கு முடிவே இல்லை. நீச்சல், முதலுதவி, தீயணைப்பு, சைகை மொழி, ஒரியா. ஒரு மனிதன் எத்தனைக்குத்தான் தயாராக இருப்பது? நியாயமான வாதம். எனக்குத் தோன்றுகிற பதில், இடத்தைப் பொறுத்தது என்பதுதான். மூளைக்கு ரத்தம் நின்றால் நான்கைந்து நிமிடத்தில் சேதம் ஆரம்பிக்கும். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நான்கைந்து நிமிடம் பக்கத்தில் நிற்பவனுடையது. வேறு யாருக்கும் அதை மாற்றிக்கொடுக்க முடியாது. மற்ற உதவியையெல்லாம் பணமாகவோ வரியாகவோ தூரத்திலிருந்து செய்யலாம். இதைப் பக்கத்தில் நிற்பவன்தான் செய்ய முடியும். பாம்பு உள்ள ஊரில் இருப்பவன் பாம்புக்கடி தெரிந்திருக்க வேண்டும். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு விரல் தெரிந்திருக்க வேண்டும். ஒரியா தெரியாததற்கு என்னை மன்னித்துக்கொள்கிறேன். பதினோராம் பக்கத்துக்கு மன்னிக்க முடியவில்லை.

சட்டம் இந்த இடத்துக்கு மெல்ல மெல்ல வந்து, பாதியில் நிற்கிறது. ஸ்கூட்டரில் போய்க் கார் மோதி விழுந்த ஒருவரை முதல் மருத்துவமனை, இது போலீஸ் கேஸ், எங்களுக்கு அதிகாரமில்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார். அந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்துப் போட்ட பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பாற்றுவது முதலில், சட்ட நடைமுறையெல்லாம் பிறகு என்றது. 2016 மார்ச்சில், அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரிடம் பெயர், முகவரி கேட்டு வற்புறுத்தக் கூடாது, போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு அதே நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது: நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது அந்த உதவியில் நேர்ந்த பிழைக்காக வழக்குப் போட முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. (சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் எண்ணும் 48. தொழிற்சாலை விபத்தில் ஒருவர் எத்தனை மணி நேரம் வேலைக்கு வரமுடியாமல் போனால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்குத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த கணக்கும் 48.)

இவையெல்லாம் நல்ல காரியங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இவை எல்லாமே பயத்தை எடுக்கிற சட்டங்கள். போலீஸ் பயம், கோர்ட் பயம், பில் பயம். பயம் போன கையில் என்ன இருக்கிறது என்று சட்டம் கேட்பதில்லை. ஜெர்மனியில் கார் லைசன்ஸ் வேண்டுமென்றால் தலா 45 நிமிடத்தில் ஒன்பது முதலுதவிப் பாடம் முடித்திருக்க வேண்டும். நம் ஊரில் பஸ் கண்டக்டர் லைசன்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் முதலுதவிப் பெட்டிக்குள் சீப்பும் பழைய டிக்கெட் கட்டும் இருப்பது வேறு விஷயம். டிக்கெட் கிழிக்கிறவருக்கு வேண்டும் என்று சட்டத்துக்குத் தோன்றியது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிற எனக்குத் தோன்றவில்லை.

*

கிளிஃபர்டு கட்டுரை எழுதிய அதே 1877இல்தான் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. தற்செயல்தான். ரயில்வேயிலும் சுரங்கத்திலும் ஆலையிலும் அடிபடுகிறவர்களுக்கு டாக்டர் வருவதற்குள் பக்கத்திலிருக்கும் தொழிலாளியே என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்பது அதன் நோக்கம். முதல் வகுப்புகளுக்குப் பாடம் எழுதியவர்களில் பீட்டர் ஷெப்பர்டு என்ற ராணுவ மருத்துவர் முக்கியமானவர். மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் இசண்டில்வானா போரில் கொல்லப்பட்டார். அவர் எழுதிய சிறுநூல்தான் பிறகு உலகமெங்கும் போன முதலுதவிக் கையேடுகளுக்கு முன்னோடி.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு ராமானுஜரை நினைக்காமல் இருக்க முடியாது. 1017இல் அங்கே பிறந்தவர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தைக் கோபுரத்தின்மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. நான் நரகத்துக்குப் போனாலும் இத்தனை பேர் பிழைப்பார்களே என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். ரகசியத்தை உடைத்தவரின் பெருந்தன்மைக் கதையாகவே இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இப்போது எனக்குக் கீழே நின்றவர்கள்மீதுதான் கவனம் போகிறது. கோபுரத்தடியில் நின்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? கேட்ட நிமிடத்திலிருந்து, எனக்குத் தெரியாது, என்னிடம் யாரும் சொல்லவில்லை என்ற பதில் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. கூட்டத்தில் ஒருவனாவது காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். கடைசி வரிசையில் நின்றிருப்பான்.

*

சிப்காட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் எஞ்சின் சத்தம் கேட்கும். பந்தய விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: டாக்டரும் ஆம்புலன்ஸும் இடத்தில் இல்லையென்றால் பந்தயம் தொடங்காது. 2023 ஜனவரியில் அந்தத் தடத்தில் மூத்த ஓட்டுநர் கே. இ. குமார் விபத்தில் இறந்தார். கார் வேலியில் மோதித் தலைகீழாக விழுந்தது. உடனே பந்தயத்தை நிறுத்தினார்கள், உடனே வெளியே எடுத்தார்கள், மருத்துவ ஏற்பாடெல்லாம் இருந்தது, இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. முதலுதவி உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் அந்த ஏற்பாடு இல்லாமல் வண்டியை ஓட்டுவதே தப்பு என்று அந்த வேலிக்குள் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலிக்கு வெளியே சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45ஆம் பிரிவு, 150 தொழிலாளர்களுக்குக் குறைந்தது ஒரு முதலுதவிப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் பெற்ற ஒரு பொறுப்பாளர், வேலை நேரம் முழுவதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் என்றால் தனி ஆம்புலன்ஸ் அறை. அந்தப் பிரஸ் ஷாப்பிலும் பெட்டி இருந்தது, பொறுப்பாளர் பெயரும் அதன்மேல் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவர் லீவு. முதலுதவிக்காரர் லீவு என்பதற்காக எந்த ஷிஃப்ட்டும் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பட்டியலின் பன்னிரண்டு காரணங்களில் அது இல்லை.

இங்கே வரும்போது, இதுவரை எழுதியதை நானே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. முதலுதவியைப் பற்றி வருந்துவது எனக்குச் சௌகரியமான வருத்தம். பிளாஸ்டிக் கவர் தெரியவில்லை, அடுத்த தடவை தெரிந்துகொள்வேன், முடிந்தது. ஆனால் அந்தக் கை ஏன் பிரஸ்ஸுக்குள் போனபோது மெஷின் நிற்கவில்லை?

பிரஸ்ஸுக்கு முன்னால் லைட் கர்ட்டன் என்று ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்த் திரை. கை அதைத் தாண்டினால் ஸ்ட்ரோக் இறங்காது. சின்னச் சின்னப் பாகம் போடும்போது அது அடிக்கடி மெஷினை நிறுத்தும், உற்பத்தி குறையும். அதனால் சாவி போட்டு அதை பைபாஸ் செய்வார்கள். டை செட் செய்கிற நேரத்துக்கென்று கொடுத்த சாவி, ஷிஃப்ட் முழுக்க அதிலேயே இருக்கும். பைபாஸ் ஆனால் மெஷினிலிருந்து ஒரு சிக்னல் வரும். எங்கள் மென்பொருள் அதைப் பிடித்து, திரையின் மேல்வரிசையில் மஞ்சளாகக் காட்டியது. நான்தான் அதை அப்படி வைத்திருந்தேன், பெருமையாக.

நிறுவிய இரண்டாம் வாரம் அங்கிருந்த ஒருவர் சொன்னார்: "சார், இந்த மஞ்சள் எப்பவும் எரிஞ்சிட்டே இருக்கு. கஸ்டமர் ஆடிட் வரும்போது நல்லா இருக்காது. மெயின் ஸ்கிரீன்லேருந்து எடுத்துடுங்களேன். லாக்ல இருந்தா போதும்."

பத்து நிமிட வேலை. ஒரு கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி. செய்தேன். எதற்கு எப்பவும் எரிகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், அதன்பின் எனக்குத் தெரிந்திருக்கும். நான் ஒன்றும் அறியாப்பிள்ளை இல்லை. எப்போதும் எரியும் எச்சரிக்கைக்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

விபத்துக்குப் பிறகு லாக்கை எடுத்துப் பார்த்தேன். அந்த மெஷினில் அன்று காலையிலிருந்து பைபாஸ். விரலுக்கு முந்தைய ஆறு மணி நேரம் அது திரையில் மஞ்சளாக இருந்திருக்கும். யாராவது பார்த்துச் சாவியைத் திருப்பியிருப்பார்களா? தெரியாது. ஒருவேளை யாரும் திருப்பியிருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் குடித்த அதே டீ இது, எனக்கு அடையாளம் தெரிகிறது.

வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும், அந்த ஒரு வரியை மாற்றியதும் இரண்டு தனித்தனித் தவறு என்று முதலில் நினைத்தேன். ஒன்று சோம்பேறித்தனம், மற்றது கோழைத்தனம். இப்போது ஒரே காரியமாகத்தான் தெரிகிறது. இரண்டிலும் ஒரு விஷயம் எனக்குத் தெரியவர இருந்தது. தெரிந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். இரண்டு தடவையும் தெரியவராமல் பார்த்துக்கொண்டேன். முதல் தடவை லேப்டாப்பைத் திறந்து, இரண்டாம் தடவை கேள்வியைக் கேட்காமல்.

*

நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு, காசு கட்டி, மறுபடி போனேன். முதல் வரிசை. என் ஜோடியாக அமைந்தவர் கண்டக்டர் லைசன்ஸுக்காக வந்திருந்த திருவள்ளூர்ப் பக்கத்துத் தம்பி. என் கையில் கட்டுப் போட்டுவிட்டு, "டைட்டா இருக்காண்ணா? விரல் மரத்துப்போச்சுன்னா சொல்லுங்க" என்று இரண்டு நிமிடத்துக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார். பொம்மையின் நெஞ்சை அழுத்தும்போது எனக்கு மூன்றாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பையில் இப்போது காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் நான்கு இருக்கின்றன. இதுவரை ஒன்றையும் எடுக்க வேண்டி வரவில்லை.

அந்தப் பையன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிவந்து, ஒரகடத்தில் ஒரு கிடங்கில் பேக்கிங்கில் இருக்கிறான் என்று அந்தத் துண்டு கட்டிய அண்ணன் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. இந்தத் 'தெரியவில்லை'யையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன்.

மென்பொருளின் அடுத்த பதிப்பில் அந்த மஞ்சள் எச்சரிக்கையை மறுபடி மேல்வரிசைக்குக் கொண்டுவந்தேன். கான்ஃபிக் கோப்பிலிருந்து எடுத்து நிரலுக்குள்ளேயே வைத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது, அதே வேண்டுகோள். "மெயில்ல அனுப்பிடுங்க சார், பண்ணிடறேன்" என்றேன். மெயில் வரவில்லை. எங்கள் மேலாளர் ஒருமுறை கேட்டார், அவரிடமும் அதையே சொன்னேன். ஒப்பந்தம் அடுத்த மார்ச்சில் புதுப்பிக்க வருகிறது. நேற்று அந்த ஷாப்பில் ஏழு மெஷினில் மூன்றில் மஞ்சள் எரிந்தது. இன்று காலை இரண்டு.